அம்மாவுக்குக் கேட்டது குவாண்டம் பின்னலா? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கேள்வி: உப்பனாற்றங்கரை (கடலூர் முதுநகர்)

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு ஐஸ் பிளான்டில் வேலை. முப்பத்தொரு வருடம் அம்மோனியா வாசனையில் இருந்து மூக்கு மரத்துப்போனவன். படிப்பு பத்தாம் வகுப்போடு சரி. எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சொல்லும் பொருளில் பிழை இருந்தால் பொறுக்காமல் திருத்துங்கள், அதற்காகத்தான் இங்கே வந்திருக்கிறேன்.

ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கிடந்தால் எங்களுக்கும் பாதி வேலைதான். அந்த நாட்களில் மஞ்சக்குப்பம் பக்கம் ஒரு மண்டபத்தில் மூன்று நாள் ஆன்மிகச் சொற்பொழிவு நடந்தது. பேசியவர் வெளியூர்க்காரர், பெயர் வேண்டாம். நல்ல குரல், நல்ல பேச்சு.

இரண்டாம் நாள் உபநிடதத்தில் வரும் உத்தாலகர் கதை சொன்னார். தண்ணீரில் உப்பைப் போட்டுக் கரைத்துவிட்டு, மேலே குடித்துப் பார், நடுவில் குடித்துப் பார், அடியில் குடித்துப் பார் என்று மகன் சுவேதகேதுவிடம் சொல்கிறாராம். எங்கும் உப்பு, எங்கும் கண்ணுக்குத் தெரியவில்லை, அதுவே நீ என்கிறாராம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் தினமும் செய்கிற வேலை அது. பிளான்டில் பெரிய தொட்டி நிறைய உப்புத் தண்ணீர், உறையும் நிலைக்குக் கீழே குளிர்ந்தாலும் உறையாமல் கிடக்கும். அதற்குள் நல்ல தண்ணீர் நிரப்பிய தகரக் கேன்களை இறக்குவோம். நல்ல தண்ணீர் உறைந்து ஐஸ் பார் ஆகும். ஏதாவது கேனில் ஊசித்துளை விழுந்துவிட்டால் உப்புத் தண்ணீர் உள்ளே புகுந்து பார் கெட்டியாகாது, கொழகொழவென்று நிற்கும். எந்தக் கேன் என்று கண்டுபிடிக்க விரலால் தொட்டு நக்கிப் பார்ப்பேன். அவர் சொன்ன உப்பு எனக்கு எதிரி. நடுவில் தகரம் இருப்பதால்தான் ஐஸ் ஐஸாக இருக்கிறது. இதை எழுந்து சொல்லலாமா என்று தோன்றியது, சொல்லவில்லை.

மூன்றாம் நாள் சொன்னதுதான் தூக்கத்தைக் கெடுத்தது. "எல்லாம் ஒரே பிரக்ஞை, ஒரே உணர்வு என்று உபநிடதம் அன்றே சொன்னதை இயற்பியல் இன்று நிரூபித்துவிட்டது, 2022-இல் அதற்குத்தான் நோபல் பரிசு. பின்னிய இரண்டு துகள்களில் ஒன்றைத் தொட்டால் எத்தனை தொலைவில் இருந்தாலும் மற்றது உடனே அறியும். தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவே இருப்பதும் இந்தப் பின்னல்தான். இல்லாவிட்டால் ஜெனீவாவில் அணுவை உடைத்துப் பார்க்கும் கூடத்தில் நம் நடராஜரை ஏன் நிறுத்தி வைத்திருக்கிறார்கள்?" ஒரே கைதட்டல்.

நான் தட்டவில்லை. தாய்க்கும் பிள்ளைக்கும் என்றதும் எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது.

2004 டிசம்பர் 26. அண்ணன் தேவனாம்பட்டினம் கரையில் மீன் எடைக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். அம்மா நெல்லிக்குப்பத்தில் அக்காள் வீட்டில். அம்மியில் தேங்காய்த் துவையல் அரைத்துக்கொண்டிருந்தவர் குழவியை நிறுத்திவிட்டு, "பெரியவன் கூப்பிடுகிறான்" என்றாராம். அக்காள் வாசல்வரை போய்ப் பார்த்துவிட்டு யாரும் இல்லை என்றாள். அம்மா பிறகு அரைக்கவே இல்லை. கையில் ஒட்டிய துவையலைக்கூடக் கழுவாமல் திண்ணையில் போய் உட்கார்ந்துகொண்டார். அலை வந்த சேதி அதற்குப் பிறகுதான் அந்தத் தெருவுக்கு வந்தது. அண்ணன் ஒரு தென்னையைக் கட்டிக்கொண்டு பிழைத்தவர். மார்பில் மரம் உராய்ந்த தழும்பு இன்றும் இருக்கிறது.

அம்மா 2016-இல் காலமானார். "அவன் கூப்பிட்டான், எனக்குக் கேட்டது" என்பதில் கடைசிவரை ஓர் எழுத்தையும் மாற்றவில்லை. அவருக்கு உபநிடதமும் தெரியாது, அணுவும் தெரியாது. தைப்பூசத்துக்கு வடலூர் போவார், ஏழு திரையும் விலகி ஜோதியைப் பார்ப்பார், உடனே தருமசாலைக்கு இலை எடுக்கப் போய்விடுவார். 1867-இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை என்றால், சாப்பிட்ட இலையை எடுக்க ஆள் வேண்டாமா என்பார்.

மகள் புதுச்சேரியில் இளநிலை இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். சொற்பொழிவில் கேட்டதை அவளிடம் சொன்னேன். சிரித்துவிட்டாள். "அப்பா, அந்த நோபல் பரிசுக்கும் பாட்டிக்கும் சம்பந்தமே இல்லை" என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. இரண்டு நாளாகப் பேச்சு இல்லை.

கோபம் தணிந்து கேட்கிறேன். அவர் சொன்னது சரியா, மகள் சொல்வது சரியா? அம்மாவுக்குக் கேட்டது அந்தப் பின்னல்தானா?

பதில்: முத்தியால்பேட்டைக்காரன் (புதுச்சேரி)

ஐயா, உங்கள் தாயாருக்குக் கேட்டது உண்மை. அதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? மகளுக்கு வயது வரும்போது புரியும்.

அறிவியல் சாட்சிதான் வேண்டும் என்றால் ஷ்ரோடிங்கரை எடுத்துக்கொள்ளுங்கள். 1926-இல் குவாண்டம் அலைச் சமன்பாட்டைத் தந்தவர், 1933-இல் நோபல் வாங்கியவர். அவரே 1944-இல் வெளியிட்ட 'உயிர் என்றால் என்ன?' நூலின் கடைசிப் பகுதியில், ஆன்மாவும் பிரம்மமும் ஒன்று என்ற உபநிடத வாக்கை எடுத்து வைக்கிறார். பிரக்ஞை என்பது ஒருமை மட்டுமே உள்ள சொல், அதற்குப் பன்மை கிடையாது என்கிறார். இதைவிட என்ன வேண்டும்?

நான் ஞானி இல்லை, ரெயின்கோட்டும் குடையும் விற்கிறவன். கடை அடைத்த நாட்களில் ஆசிரமத்துக்குப் போய் ஸ்ரீஅரவிந்தர் சமாதிக்கு மேல் கிளை விரித்திருக்கும் அந்த மரத்தடியில் உட்கார்வேன். பக்கத்தில் யார் யாரோ உட்கார்ந்திருப்பார்கள், மொழி தெரியாது, ஊர் தெரியாது. கால்மணி நேரம் போனதும் மூச்சு எல்லாம் ஒரே தாளத்தில் விழுவது போல இருக்கும். 1910-இல் இந்த ஊருக்கு வந்து இறங்கி நாற்பது வருடம் இங்கேயே இருந்து அவர் தேடியது அந்த ஒன்றைத்தான். அளவுகோல் வைத்துப் பார்க்கிறவர்களுக்கு இது கிடைக்காது.

பதில்: கெடிலம் (ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியை, கடலூர்)

உப்பனாற்றங்கரைத் தம்பிக்கு. மேல்நிலை வகுப்புக்கு இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். உங்கள் மகளுக்கு முதலில் முழு மதிப்பெண் போட்டுவிடுகிறேன். சிரித்ததற்கு இரண்டு குறைத்துக்கொள்கிறேன்.

2022 நோபல் அலென் ஆஸ்பெ, ஜான் கிளாசர், ஆன்டன் சைலிங்கர் மூவருக்கும். பரிசுக் குறிப்பில் பின்னிய ஒளித்துகள் இருக்கிறது, பெல் என்பவரின் சமனிலி, அதாவது அவர் கணக்குப் போட்டுச் சொன்ன ஒரு வரம்பு, மீறப்பட்டது இருக்கிறது. பிரக்ஞை என்ற சொல்லே இல்லை. அவர்கள் செய்தது என்ன என்று ஒரு விளையாட்டாகச் சொல்கிறேன், காகிதம் வைத்துப் போட்டுப் பாருங்கள்.

நீங்கள் முதுநகரில், மகள் புதுச்சேரியில். போன் கிடையாது. இரண்டு இடத்திலும் ஒவ்வோர் ஆள் வந்து ஒரு சீட்டை நீட்டுகிறார். சீட்டு வெள்ளையாக இருக்கலாம், சிவப்பாக இருக்கலாம், பூவா தலையா போட்டு எடுத்தது. சீட்டைப் பார்த்து நீங்கள் 'உண்டு' அல்லது 'இல்லை' என்று சொல்ல வேண்டும், மகளும் அப்படியே. இருவருக்கும் சிவப்பு வந்திருந்தால் உங்கள் பதில்கள் மாறுபட வேண்டும். மற்றபடி எது வந்தாலும் பதில்கள் ஒத்திருக்க வேண்டும். முதல் நாள் இரவு முழுக்க உட்கார்ந்து திட்டம் போட்டுக்கொள்ளுங்கள், தடையில்லை. எப்படித் திட்டம் போட்டாலும் சராசரியாக நூறு ஆட்டத்தில் 75-க்கு மேல் ஜெயிக்க முடியாது. இருவரும் எப்போதும் 'உண்டு' என்றே சொன்னாலும் அதே 75 வந்துவிடும், கடைசியில் அதுவே சிறந்த திட்டம்! இப்போது ஆளுக்கொரு பின்னிய துகளை வைத்துக்கொண்டு, சீட்டின் நிறத்துக்கு ஏற்ற விதத்தில் அதை அளந்து வருகிற விடையைச் சொல்லுங்கள். நூற்றுக்குச் சுமார் 85 ஜெயிப்பீர்கள். இந்தப் பத்துதான் அதிசயம். முன்கூட்டிப் பேசி வைத்த எந்த ஏற்பாட்டாலும் விளக்க முடியாத ஒத்திசைவு அது. ஜான் பெல் 1964-இல் இந்த வகைக் கணக்கைக் காகிதத்தில் காட்டினார், மேலே சொன்ன மூவரும் சோதனைச் சாலையில் செய்து காட்டினார்கள். நான் முதன்முதலில் இதைப் போட்டுப் பார்த்தபோது அடுப்பில் இருந்த பால் பொங்கி வழிந்தது, கவனிக்கவில்லை.

ஆனால் தம்பி, சொற்பொழிவாளர் தவறவிட்ட இடம் இதுதான். உங்கள் கையிலிருக்கும் துகளை எத்தனை முறை அளந்தாலும் உங்களுக்குக் கிடைப்பது உண்டு, இல்லை, இல்லை, உண்டு என்று காசு சுண்டினாற்போல ஒரு பட்டியல். மகளுக்கு என்ன சீட்டு வந்தது, அவள் தன் துகளைத் தொட்டாளா, தூக்கிப் போட்டாளா, எதுவும் அதிலிருந்து தெரியாது. சனிக்கிழமை அவள் பஸ் ஏறி வந்து இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் ஒத்திசைவு வெளிப்படும். ஒன்றைத் தொட்டால் மற்றது 'அறியும்' என்பது தப்பு. இந்தப் பின்னலை வைத்து 'ஐயோ' என்ற ஒரு சொல்லைக்கூட அனுப்ப முடியாது. முடியாது என்பதே நிரூபிக்கப்பட்ட ஒரு தேற்றம்.

அடுத்தது, பின்னல் என்பது பூப்போல. வெப்பமும் ஈரமும் பட்டால் சிதறிவிடும். வியன்னாவில் 2004-இல், அதே வருடம்தான், எழுபது கார்பன் அணுக்கள் சேர்ந்த மூலக்கூறுகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். அவை அலையைப் போல நடந்து வரிவரியாகக் கோலம் போடும். மூலக்கூறைச் சூடேற்றினால் அதுவே வெப்பக் கதிரை உமிழ்ந்து, தான் எந்த வழியாகப் போனேன் என்று ஊருக்குச் சொல்லிவிடும், கோலம் அழிந்துவிடும். அங்கே யாரும் கண்ணால் பார்க்கவில்லை, மனதால் நினைக்கவில்லை. 'பார்ப்பவர் இல்லாமல் உலகம் இல்லை என்று குவாண்டம் சொல்கிறது' என்று மேடையில் முழங்குகிறார்களே, அந்தப் 'பார்ப்பவர்' வேலையை ஒரு துளி வெப்பம் செய்துவிடுகிறது. அம்மாவின் தலையும் அண்ணனின் தலையும் 37 டிகிரிச் சூட்டில் இருப்பவை.

பெரியவர்களும் இந்த வழியில் போய்ப் பார்த்தவர்கள்தான் என்பதை மறைக்க மாட்டேன். யூஜீன் விக்னர் 1961-இல் அளவீட்டை முடித்து வைப்பது பிரக்ஞையே என்று வாதித்துக் கட்டுரை எழுதினார். நோபல் வாங்கியவர், லேசான ஆள் இல்லை. பிற்காலத்தில் அவரே அதைக் கைவிட்டார். மேடைகளுக்குக் கட்டுரை போய்ச் சேர்ந்துவிட்டது, கைவிட்ட செய்தி இன்னும் வழியில் இருக்கிறது.

முத்தியால்பேட்டைத் தம்பிக்கு. ஷ்ரோடிங்கரைப் பற்றி நீங்கள் சொன்னது சரி, ஆனால் வருடத்தைக் கவனியுங்கள். ஒருமையைப் பற்றிய தன் கட்டுரையை அவர் எழுதியது 1925-இல், சமன்பாட்டுக்கு முந்திய வருடம். உபநிடதம் அவருக்கு ஷோபன்ஹவர் என்ற ஜெர்மன் தத்துவவாதி வழியாகப் போய்ச் சேர்ந்தது, சமன்பாட்டிலிருந்து வரவில்லை. அந்தப் 'பின்னல்' என்ற பெயரையே 1935-இல் வைத்தவர் அவர். ஒரே தலைக்குள் இரண்டும் இருந்தும், இதை வைத்து அதை நிரூபித்துவிட்டேன் என்று அவர் எழுதவில்லை. அந்த நாணயம் எனக்குப் பிடிக்கும்.

நடராஜர் விஷயம்: அது 2004 ஜூனில் இந்திய அரசு அன்பளிப்பாகக் கொடுத்த இரண்டு மீட்டர் சிலை. வீட்டுக்கு வந்தவர் கொடுத்த குத்துவிளக்கைக் கூடத்தில் வைப்போம் இல்லையா, அப்படி.

உணர்வு என்பது என்ன என்ற கேள்வி இதனால் தீர்ந்துவிடவில்லை. மூளையில் எது நடந்தால் உணர்வு வருகிறது என்பதை 25 வருடத்தில் கண்டுபிடித்துவிடுவோம் என்று கிறிஸ்டாஃப் கோக் என்ற மூளை விஞ்ஞானி 1998-இல் டேவிட் சால்மர்ஸ் என்ற தத்துவவாதியிடம் பந்தயம் கட்டினார். 2023-இல் தோற்றதாக ஒப்புக்கொண்டு ஒரு பெட்டி ஒயின் வாங்கிக் கொடுத்தார். கதவு திறந்துதான் இருக்கிறது. ஆகவே அம்மாவுக்குக் கேட்டதை மறுக்க நான் வரவில்லை. அதன்மேல் இயற்பியலின் ரப்பர் ஸ்டாம்பைக் குத்த வேண்டாம் என்கிறேன்.

உப்பனாற்றங்கரை

டீச்சர், மிகவும் நன்றி. சீட்டு விளையாட்டை எங்கள் பிளான்ட் பையனோடு போட்டுப் பார்த்தேன். 75-ஐத் தாண்டுவதாகச் சொல்லி ஒரு பாக்கெட் பிஸ்கட் பந்தயம் வைத்தான், தோற்றான். இருபது ஆட்டத்தில் அவனுக்கு 16 வந்தது, அது அதிர்ஷ்டம் என்று இன்னும் எண்பது ஆடவைத்தேன்.

ஆனால் மனது சமாதானமாகவில்லை. இயற்பியல் கைவிரித்துவிட்டால், எல்லாம் ஒன்று என்பதே பொய்யா? உபநிடதம், வள்ளலார், எல்லாப் பெரியவர்களும் ஒரே குரலில் சொன்னது வீணா?

பதில்: பலாமரத்தடி (பண்ருட்டிப் பக்கம்)

ஒரே குரலில் சொன்னார்கள் என்று உங்களுக்கு யார் சொன்னது? நான் தமிழாசிரியனாக இருந்தவன். இப்போது பலாவும் முந்திரியும்தான் மாணவர்கள், எதிர்த்துப் பேசுவதில்லை. நீங்கள் எதிர்த்துப் பேசலாம்.

இந்த 'ஒன்றா, இரண்டா' வழக்கு எங்கோ இமயமலையில் நடந்தது அல்ல ஐயா. உங்கள் ஊரிலிருந்து காலையில் பஸ் ஏறினால் பொழுது சாய்வதற்குள் வாதி, பிரதிவாதி எல்லோருடைய ஊரையும் பார்த்துவிட்டு வரலாம். திருப்பாதிரிப்புலியூர்தான் பழைய பாடலிபுத்திரம். சமணர்களின் பெரிய மடம் இருந்த ஊர். லோகவிபாகம் என்று உலகத்தின் அமைப்பைச் சொல்லும் ஒரு நூல் கி.பி. 458-இல் அங்கே எழுதப்பட்டது என்பது ஆய்வாளர் கொள்கை. அந்த நூலில் பெரிய எண்களைச் சொல்லும்போது பூச்சியத்தை இடமதிப்போடு கையாண்டிருக்கிறார்கள், அது தனிப் பெருமை. அந்தச் சமணரைக் கேட்டால், உயிர்கள் எண்ணற்றவை, ஒவ்வொன்றும் தனி, வீடுபேற்றிலும் தனி என்பார்கள். ஒன்று என்ற பேச்சே இல்லை. அங்கிருந்து கூப்பிடு தொலைவில் திருவந்திபுரம். வேதாந்த தேசிகர் பல்லாண்டு வாழ்ந்த ஊர். அவர் எல்லாம் ஒன்றே என்னும் அத்வைதத்தைக் கண்டித்துத் தனி நூலே செய்தவர். உலகமும் உயிரும் இறைவனுக்கு உடல், அவன் அவற்றுக்கு உயிர், பிரிக்க முடியாது, ஆனால் அதுவே இது அல்ல என்பது அவர் கட்சி. இந்தப் பக்கம் மெய்கண்டார் பிறந்த பெண்ணாடம், அருணந்தி சிவாசாரியாரின் திருத்துறையூர், உமாபதி சிவத்தின் தில்லை. சைவ சித்தாந்தத்தின் குருமரபே நம் மாவட்டத்துக்குள் அடங்கிவிடும். புதுச்சேரியில் ஸ்ரீஅரவிந்தர், உலகம் மாயை என்பதை ஏற்காமல், ஒன்றே மெய்யாகப் பலவாயிற்று என்றார். இத்தனை பேரும் ஒரே குரல் என்றால், என் வீட்டு வேலிச் சண்டையும் ஒரே குரல்தான்.

சித்தாந்தத்தில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று. 'அத்துவிதம்' என்றால் ஒன்று என்று பொருள் அல்ல, 'இரண்டு இல்லை' என்றுதான் பொருள் என்று மெய்கண்டார் பிடித்துக்கொண்டார். இரண்டு இல்லை என்பதும் ஒன்று என்பதும் ஒன்றல்ல! இதற்கு உமாபதி சிவம் திருவருட்பயனில் கொடுத்த உவமை இலக்கண வகுப்பிலிருந்து எடுத்தது. தாள், தலை. இரண்டும் சேர்ந்தால் தாடலை. தாளின் ளகரமும் தலையின் தகரமும் போய் நடுவில் ஒரு டகரம் வந்து நிற்கிறது. அந்த 'ட' யாருடையது? தாளுடையதா, தலையுடையதா? பிரித்துச் சொல்ல முடியாது. அதற்காகத் தாளும் தலையும் ஒரே பொருளாகிவிட்டதா? கால் காலாகவும் தலை தலையாகவும் பொருள் தருகின்றன. இறைவன் திருவடியும் ஆன்மாவின் தலையும் கூடுவது இப்படி என்கிறார். முப்பது வருடம் இந்தப் புணர்ச்சி விதியைக் கரும்பலகையில் எழுதினேன். அது முத்தியைப் பற்றியது என்று ஒரு பிள்ளைக்கும் சொல்லவில்லை, பாடத்திட்டத்தில் இல்லை.

உங்கள் கேனுக்கு வருகிறேன். நடுவில் தகரம் இருப்பதால்தான் ஐஸ் ஐஸாக இருக்கிறது என்றீர்கள். அந்தத் தகரத்தின் வழியாகத்தானே குளிர்ச்சி உள்ளே போகிறது? உப்பு கலக்கவில்லை, ஆனாலும் தொட்டியின் குளிர்தான் பாரின் குளிர். மண்டபத்தில் எழுந்து சொல்லியிருக்க வேண்டும் நீங்கள்.

வள்ளலார் இந்த வழக்கில் சாட்சிக் கூண்டில் ஏறவே இல்லை. பயிர் வாடியதைக் கண்டபோதெல்லாம் தானும் வாடியதாகப் பாடினார், அடுப்பை மூட்டினார். பிற உயிரின் பசி கண்டு உள்ளம் உருகுகிறதே, அந்த உருக்கம் எதனால் வருகிறது என்று கேட்டு, எல்லா உயிரும் ஓரினம் என்ற உரிமையால் வருகிறது என்றார். உங்கள் தாயார் ஜோதியைப் பார்த்த கையோடு இலை எடுக்கப் போனார் என்று படித்ததும், இவருக்கு எவரும் பாடம் சொல்லத் தேவையில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

கெடிலம் அம்மையாருக்கு ஒரு கேள்வி. அந்தப் பின்னிய துகள்களும் தாடலை போலத்தானோ?

கெடிலம்

பலாமரத்தடி ஐயா, இதை வகுப்பில் இருந்தபோது சொல்லியிருக்கக் கூடாதா! பின்னிய இரண்டு துகள்களின் நிலையை 'இதன் நிலை இது, அதன் நிலை அது' என்று இரண்டாகப் பிரித்து எழுத முடியாது. கணக்கில் அதற்குத்தான் பின்னல் என்று பெயர். ஆனாலும் துகள்கள் இரண்டு. உங்கள் டகரத்தைக் கடன் வாங்கிக்கொள்கிறேன். உவமையாகத்தான், நிரூபணமாக இல்லை. நாளைக்கு யாராவது மேடையில் 'உமாபதி சிவம் குவாண்டம் பின்னலை 14-ஆம் நூற்றாண்டிலேயே கண்டுபிடித்தார்' என்று சொன்னால் இரண்டு பேருமே போய்ச் சண்டை போடுவோம்.

முத்தியால்பேட்டைக்காரன்

டீச்சர் சொன்னதில் 1925 எனக்குத் தெரியாத தகவல், ஒப்புக்கொள்கிறேன். மரத்தடி மரத்தடிதான், அதில் மாற்றமில்லை. மழைக்காலத்தில் கடைக்கு வாருங்கள், குடை விலையில் குறைத்துத் தருகிறேன்.

பதில்: உப்பனாற்றங்கரையின் மகள்

அப்பா, நான்தான். நீங்கள் இங்கே எழுதியிருப்பதை என் தோழி காட்டினாள். 'மூக்கு மரத்துப்போனவன்' என்பதைப் படித்ததுமே நீங்கள் என்று தெரிந்துவிட்டது.

நான் சிரித்தது பாட்டியைப் பார்த்து இல்லை. அந்தப் பேச்சாளர் நோபல் பரிசைச் சொன்ன விதத்தைப் பார்த்துத்தான். பாட்டியைப் பற்றி நீங்கள் சொல்லி முடிப்பதற்குள் நான் குறுக்கே பேசிவிட்டேன். டீச்சர் குறைத்த இரண்டு மதிப்பெண் நியாயம்தான்.

ஒன்று கேட்கிறேன், கோபப்பட வேண்டாம். டீச்சர் சொன்னார்களே, ஒரு பட்டியலை மட்டும் பார்த்தால் ஒன்றும் தெரியாது, இரண்டையும் பக்கத்தில் வைக்க வேண்டும் என்று. இருபது வருடமாக நம் வீட்டில் எல்லோரும் பாட்டியின் பட்டியலை மட்டும்தான் சொல்கிறோம். குழவி நின்றது, துவையல் கை, திண்ணை. நான் பிறப்பதற்கு முந்தி நடந்தது, எனக்கே மனப்பாடம். பெரியப்பா அந்த மரத்தில் இருந்தபோது யாரைக் கூப்பிட்டார் என்று அவரிடம் யாராவது கேட்டோமா? நான் கேட்டதில்லை. நீங்கள் கேட்டிருக்கிறீர்களா?

சனிக்கிழமை வருகிறேன். நெத்திலி வாங்கி வையுங்கள்.

உப்பனாற்றங்கரை

கேட்டதில்லை.

நேற்று வேலை முடிந்து அண்ணன் வீட்டுக்குப் போனேன். வாசலில் முறத்தை வைத்துக்கொண்டு மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கை உரித்தேன். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. மீன் விலை, தடைக்கால நிவாரணம் எல்லாம் பேசிவிட்டு, "அன்றைக்கு மரத்தில் இருந்தபோது அம்மாவைக் கூப்பிட்டாயா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் கையை நிறுத்தவில்லை. "அம்மாவையா? இல்லையே" என்றார். நாலைந்து காய் உரித்த பிறகு, "உன்னைத்தான் கூப்பிட்டேன்" என்றார்.

"என்னையா?"

"நீதானே பக்கத்தில் இருந்தாய். மூன்று நான்கு தடவை கூப்பிட்டிருப்பேன். அப்புறம் வாய்க்குள் தண்ணீர் போய்விட்டது."

அந்தக் காலையில் நான் பிளான்டில்தான் இருந்தேன். கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது. அது ஓடும்போது எதிரில் நிற்கிறவன் பேசுவதே கேட்காது, கையால்தான் ஜாடை காட்டுவோம். உப்பனாற்றில் தண்ணீர் ஏறிப் படகுகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டதை ஒரு பையன் ஓடி வந்து தோளைத் தட்டிச் சொன்ன பிறகுதான் வெளியே வந்தேன்.

அண்ணனிடம், தேவனாம்பட்டினத்துக்கும் பிளான்டுக்கும் நாலு கிலோமீட்டர் இருக்கும், அது எப்படிப் பக்கம் என்று கேட்டேன்.

"மரத்தில் இருந்து பார்த்தபோது பக்கமாகத்தான் இருந்தது" என்றார். உரித்த பருப்பை அள்ளி என் சட்டைப் பையில் போட்டார்.

டீச்சர், ஐயா, எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை மகள் வருகிறாள். அவளையும் அழைத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போகிறேன்.